55 செ.மீ. அகலக் காருக்கு நம்பர் கிடைக்குமா?

கேள்வி: இத்தாலியில் ஒருவர் 1993-ஆம் ஆண்டு மாடல் ஃபியட் பாண்டா காரை 50 செ.மீ. அகலத்துக்குக் குறுக்கி ஓட்டும் வீடியோவைப் பார்த்து, நானும் பழைய மாருதி 800 ஒன்றை அறுத்து 55 செ.மீ. அகலத்தில் பேட்டரி கார் செய்திருக்கிறேன். பழைய ஆர்.சி.யை வைத்தே நம்பர் வாங்கித் தருவதாகத் தரகர் ஒருவர் 30,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? – வாசகர், குலசேகரம்

பதில்: கொடுக்காதீர்கள். ஆர்.சி.யையும் ஆதார் நகலையும் ஏற்கெனவே அவரிடம் கொடுத்திருந்தால், இன்றே திரும்ப வாங்கிவிடுங்கள்.

இத்தகைய தரகர்கள், பழைய காரில் சேஸிஸ் எண் பொறித்த தகட்டை மட்டும் வெட்டியெடுத்து, புதிய வண்டியில் பற்றவைத்து, புட்டி தேய்த்து, பெயின்ட் அடித்துவிடுவார்கள். மேலே ஒன்றும் தெரியாது. தகட்டின் அடிப்புறத்தில் விரலை ஓட்டினால் வெல்டிங் மேடு தட்டுப்படும். வாகன ஆய்வாளர் அதைக் கண்டுபிடித்தால் வழக்கு உங்கள் பெயரில்தான் பதிவாகும். தரகரின் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. அதைவிடப் பெரிய ஆபத்து இன்சூரன்ஸ். மாருதி 800 என்று சொல்லி எடுத்த பாலிசியை வைத்துக்கொண்டு யார் மீதாவது மோதிவிட்டால், காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்க மறுத்து வழக்காடும். கடைசியில் இழப்பீட்டுத் தொகை உங்கள் வீட்டையும் நிலத்தையும் தேடி வரும்.

களியக்காவிளையைத் தாண்டிக் கேரளாவில் பதிவு செய்து தருகிறேன் என்பவரையும் நம்ப வேண்டாம். இரு பக்கமும் ஒரே மத்தியச் சட்டம்தான். தயாரிப்பாளர் நிர்ணயித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே ஒரு கேரள வழக்கில்தான்.

நேர்வழியில் பதிவு செய்ய, மத்திய மோட்டார் வாகன விதி 126-இன்படி, மாதிரி வண்டியைப் புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற வாகனச் சோதனை நிலையத்தில் சோதித்துச் சான்று பெற வேண்டும். லட்சக்கணக்கில் கார் செய்யும் ஆலைக்கும், கொட்டகையில் ஒன்றே ஒன்று செய்த உங்களுக்கும் இதே விதி. பிரிட்டனில் தனியொருவர் கட்டிய காரைப் பரிசோதித்து அனுமதிக்கத் தனி முறை இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-இல் அவ்வளவு திருத்தியும் இங்கே அப்படியொரு வழியை ஏற்படுத்தவில்லை. வழி இல்லை என்பதையாவது ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் தெளிவாக எழுதி ஒட்டலாம். அதுகூடச் செய்யாததால்தான் ஆட்கள் தரகரிடம் போகிறார்கள்.

வண்டி கவிழ்வதையும் யோசியுங்கள். இடது வலது சக்கரங்களுக்கு இடையே 40 செ.மீ.யும், ஆளோடு சேர்ந்த எடையின் மையம் 50 செ.மீ. உயரத்திலும் இருந்தால், 8 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 20 கி.மீ. வேகத்திலேயே உள்பக்கச் சக்கரம் தூக்கும் நிலைக்கு வந்துவிடும். ஆரல்வாய்மொழிக் காற்று பக்கவாட்டில் அடித்தால் அந்த வேகம்கூடத் தேவைப்படாது.

ஒரு விலக்கு உங்களுக்குப் பொருந்தக்கூடும். தொழிற்சாலையிலோ அடைத்த வளாகத்திலோ மட்டும் ஓட்டுவதற்கென அமைத்த தனிவகை வண்டியைச் சட்டத்தின் 2(28) பிரிவு மோட்டார் வாகனமாகக் கணக்கிடுவதில்லை. ஆகவே வீட்டு மதிலுக்குள் ஓட்டலாம். வேலியும் கேட்டும் உள்ள ரப்பர் தோட்டத்துக்குள்ளும் ஓட்டலாம். ஆனால் அதன் நடுவே ஊரார் போய்வர உரிமையுள்ள பாதை இருந்தால், பட்டா உங்கள் பெயரில் இருந்தாலும், அந்தப் பாதை சட்டப்படி பொது இடம். கேட்டைத் தாண்டி டீக்கடை வரை போனாலும் விலக்கைச் சொல்லித் தப்ப முடியாது; பதிவில்லாத வண்டிக்கு 192-ஆம் பிரிவில் முதல் முறையே 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. கண்காட்சிக்குக் காட்ட விரும்பினால் டெம்போவில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.

அறுத்த மாருதியின் பதிவையும் ரத்து செய்ய வேண்டும். நிரந்தரமாகப் பயன்படாமல் போன வண்டியைப் பற்றி 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது 55-ஆம் பிரிவு. கெடு கடந்திருந்தாலும், நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ, உங்களுக்குரிய ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஆர்.சி.யுடன் நீங்களே போய் எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.