ஒரே பியானோ, பத்துப் பாடல்கள்

கேள்வி: ஜாஸ் ஆல்பங்களைப் பற்றிப் படிக்கும்போது ‘ஸ்டாண்டர்டுகளும் சொந்தப் படைப்புகளும்’ என்ற தொடர் அடிக்கடி வருகிறது. ஸ்டாண்டர்ட் என்றால் என்ன? பாஸ், டிரம்ஸ் எதுவுமின்றிப் பியானோ மட்டும் ஒலிக்கும் ஆல்பம் ஒன்றைப் பரிந்துரைத்து, அதை எப்படிக் கேட்பது என்றும் சொல்ல முடியுமா?
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: அமெரிக்காவில் மேடை நாடகங்களுக்கும் திரைப்படங்களுக்கும் எழுதப்பட்டு, பின்னர் ஜாஸ் கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாக வாசித்துத் தங்கள் பொதுச் சொத்தாக்கிக்கொண்ட பாடல்களே பெரும்பாலும் ஸ்டாண்டர்டுகள் எனப்படுகின்றன. ஜாஸ் கலைஞர்களே இயற்றிய சிலவும் காலப்போக்கில் அந்த வரிசையில் சேர்ந்துள்ளன.

அமெரிக்க ஜாஸ் பியானோக் கலைஞர் தெலோனியஸ் மங்கின் ‘தெலோனியஸ் அலோன் இன் சான் பிரான்சிஸ்கோ’ ஆல்பத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். 1959 அக்டோபர் 21, 22 ஆகிய இரு நாள்களில், அந்நகரின் ஃபுகாசி மண்டபத்தில், பார்வையாளர் எவருமின்றிப் பதிவானது. ரிவர்சைடு இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டது. பத்தில் ஆறு மங்க் இயற்றியவை. எஞ்சிய நான்கு பிறருடையவை.

முதலில் ‘ப்ளூ மங்க்’ கேளுங்கள். 12 பார் (தாளச் சுற்று) கொண்ட ப்ளூஸ் வடிவம், மனத்தில் உடனே பதியும் மெட்டு. மங்க் அருகருகே உள்ள இரு கட்டைகளை ஒன்றாக அழுத்தி, ஒன்றிலிருந்து மட்டும் விரலை எடுத்துவிடுவார். உரசல் அடங்கி மற்றொரு சுரம் தனித்து நிற்கும். இரு கட்டைகளுக்கு இடைப்பட்ட சுரம் பியானோவில் கிடையாது என்றாலும், அந்தக் கணத்தில் அது இருப்பதாகவே காது நம்பிவிடுகிறது. குழுவாக வாசிக்கும்போது டிரம்ஸ் நிரப்பிவிடும் இடைவெளிகள் இங்கே வெறுமையாகவே விடப்படுவதால், தந்தியின் அதிர்வு தேய்ந்து மறைவதுவரை நம்மால் கேட்க முடிகிறது. தனிப் பியானோவை நான் விரும்புவதற்கு முதற்காரணம் இதுதான். இடக்கை கீழ்ச்சுரத்துக்கும் நடுப்பகுதிக் கார்டுக்கும் (சேர்ந்தொலிக்கும் சுரங்களுக்கும்) மாறி மாறித் தாவும் இடங்களில், அவருக்கு முந்தைய, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிப் பியானோக் கலைஞர்களின் ‘ஸ்டிரைட்’ பாணியை அடையாளம் காணலாம்.

ஸ்டாண்டர்டுகளில் 1925இல் இர்விங் பெர்லின் எழுதிய ‘ரிமெம்பர்’ இருக்கிறது. ‘தேர்’ஸ் டேஞ்சர் இன் யுவர் ஐஸ், ஷெரி’ ஒரு பழைய திரைப்பாடல். ஜாஸ் கலைஞர்கள் அதிகம் தொடாதது. மங்க் அந்த மெட்டைக் கேலி செய்யாமல், தமது படைப்புக்குத் தரும் அதே மரியாதையோடு வாசிக்கிறார். அதை அடுத்து அவருடைய ‘ரிஃப்ளெக்ஷன்ஸ்’ வந்து ஆல்பம் நிறைவடைகிறது. இவ்விரண்டையும் இடைவெளியின்றித் தொடர்ந்து கேளுங்கள்.