எந்த ராபர்ட் கென்னடி? – புத்தகம் வாங்குவோர் கேள்வி-பதில்

அமெரிக்க வரலாறு, அரசியல், உடல்நலம் என்று புத்தகம் தேடப்போய், ஒரே பெயருள்ள இரண்டு மூன்று ஆசிரியர்களிடம் மாட்டிக்கொண்டவர்கள் அனுப்பிய கேள்விகள் மட்டும் இந்த முறை.

கேள்வி: பள்ளியில் கியூபா ஏவுகணை நெருக்கடி பற்றி மகன் கட்டுரை எழுத வேண்டும். ராபர்ட் கென்னடி எழுதிய புத்தகம் வேண்டுமாம். இணையக் கடையில் அந்தப் பெயரைப் போட்டால் ஏவுகணை, தடுப்பூசி, உடற்பயிற்சி எல்லாம் கலந்து வருகிறது. இத்தனையும் ஒரே மனிதர் எழுதியதா?

பதில்: இல்லை, மூன்று பேர். உங்கள் மகனுக்கு வேண்டியவர் அதிபர் ஜான் கென்னடியின் தம்பி, அப்போது அட்டர்னி ஜெனரலாக இருந்த ராபர்ட் எஃப். கென்னடி. 1962 அக்டோபரில் முடிவுகள் எடுக்கப்பட்ட அறைக்குள்ளேயே இருந்தவர். புத்தகம் ‘தர்ட்டீன் டேஸ்’. 1968இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். புத்தகம் மறு ஆண்டு வெளிவந்தது. சின்னப் புத்தகம்தான், பள்ளி மாணவன் சனி ஞாயிறில் முடித்துவிடலாம்.

தடுப்பூசிப் புத்தகங்கள் அவருடைய மகன் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியருடையவை. 1954இல் பிறந்தவர், வழக்கறிஞர், 2025 பிப்ரவரியில் அமெரிக்க சுகாதாரத் துறையின் பொறுப்பை ஏற்றவர். அப்பா, மகன் இருவருக்கும் நடு எழுத்து ஒன்றே. கடைசியில் வரும் ‘ஜூனியர்’ மட்டும்தான் வித்தியாசம், அதையும் பல கடைகளின் தேடல் விழுங்கிவிடுகிறது. மூன்றாமவருக்கு அந்தக் குடும்பத்தோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கனடாவில் 1974இல் ‘மசில்மேக் இன்டர்நேஷனல்’ என்ற உடற்கட்டு இதழைத் தொடங்கியவர், 2012இல் காலமானார். பளு தூக்கும் புத்தகங்கள் எல்லாம் அவர் கணக்கு.

சரி, சரியான ஆளைப் பிடித்துவிட்டோம். ஆனால் கட்டுரைக்கு ‘தர்ட்டீன் டேஸ்’ ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். துருக்கியில் நிறுத்தியிருந்த ஜூபிடர் ஏவுகணைகளை அமெரிக்கா திரும்பப் பெறும் என்பது, கியூபாவிலிருந்து ஏவுகணைகளை விலக்கிக்கொள்ள சோவியத்துடன் செய்த ரகசிய ஏற்பாட்டில் ஒரு பகுதி. ராபர்ட் கென்னடியின் நாட்குறிப்பில் அது தெளிவாக இருந்தது. அதை அச்சுக்குத் தயார் செய்தவர் அதிபரின் ஆலோசகராக இருந்த தியடோர் சோரன்சன், அவர் அந்தப் பகுதியை நீக்கிவிட்டார். 1989இல் மாஸ்கோ கருத்தரங்கில் அவரே ஒப்புக்கொண்டார். அதனால் புத்தகத்தைப் படித்தால் அப்படியொரு பேரம் நடக்கவே இல்லை என்றுதான் தோன்றும். வெள்ளை மாளிகை ஒலிப்பதிவுகளை எர்னஸ்ட் மே, பிலிப் ஜெலிகோ இருவரும் எழுத்தாக்கி 1997இல் ‘தி கென்னடி டேப்ஸ்’ என்று வெளியிட்டார்கள். அது தடிப் புத்தகம், விலை கொடுத்து வாங்க வேண்டாம். நூலகத்தில் எடுத்து, அக்டோபர் 27ஆம் தேதிப் பகுதியை மட்டும் மகன் படித்தால் போதும். ஆசிரியர் அசந்துபோவார்.

கேள்வி: சுகாதாரத் துறைக்கே தலைவர் எழுதியது என்றால், ஜூனியரின் புத்தகத்தை நம்பி வாங்கலாம்தானே?

பதில்: பதவி பின்னால் வந்தது, புத்தகங்கள் முன்னால் வந்தவை. அவர் மருத்துவரும் அல்ல. 2014இல் அவர் தொகுத்த புத்தகம் தடுப்பூசிகளில் சேர்க்கப்பட்ட தைமரோசல் என்ற பாதரசச் சேர்மத்தைப் பற்றியது. அமெரிக்காவில் குழந்தைகளுக்கான வழக்கமான ஊசிகளிலிருந்து, சில ஃப்ளூ ஊசிகள் நீங்கலாக, 2001க்குள்ளேயே அது எடுக்கப்பட்டுவிட்டது. ஆட்டிசத்துக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. அதே விஷயத்தில் அவர் 2005இல் எழுதிய கட்டுரையை சலோன் இதழ் 2011இல் தன் தளத்திலிருந்தே விலக்கிக்கொண்டது. இன்றைய அமெரிக்க அரசியலைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் வாங்குங்கள். குழந்தைக்கு ஊசி போடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க என்றால் வேண்டாம், குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: சர்க்கரை இருப்பதால் சோற்றைக் குறைத்துச் சப்பாத்திக்கு மாறினேன். கோதுமைதான் எல்லா நோய்க்கும் காரணம், வில்லியம் டேவிஸ் புத்தகத்தைப் படி என்கிறார் சகலை. ‘வில்லியம் டேவிஸ், 3 புத்தகங்கள்’ என்று ஒரு பழைய புத்தகக்காரர் போட்டிருந்த புத்தகக் கட்டை இணையத்தில் வாங்கினேன். மூன்றும் அமெரிக்கப் போர்கள் பற்றியவை! என்ன செய்வது?

பதில்: உங்கள் சகலை சொன்னவர் இதய மருத்துவர் வில்லியம் டேவிஸ், 2011இல் ‘வீட் பெல்லி’ எழுதியவர். உங்களுக்கு வந்தவர் வில்லியம் சி. டேவிஸ், அமெரிக்க உள்நாட்டுப் போரில் கரை கண்ட வரலாற்றாசிரியர். அந்த ‘சி’யைப் பட்டியலில் விற்றவர் விட்டுவிட்டார். புத்தகத்தின் பெயர் எதையும் அவர் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. அதனால் பணத்தைத் திரும்பக் கேட்டால் அவர் மனம் வைத்தால்தான் உண்டு. அந்தப் புத்தகக் கட்டுக்குள் ‘த்ரீ ரோட்ஸ் டு தி அலாமோ’ இருந்தால் திருப்பி அனுப்பவே அனுப்பாதீர்கள். 1836இல் டெக்சாஸின் அலாமோ கோட்டைச் சண்டையில் செத்த கிராக்கெட், பூயி, டிராவிஸ் மூவரின் வாழ்க்கையைப் பின்தொடர்கிற அருமையான புத்தகம் அது.

கோதுமைக்கு வருவோம். சீலியாக் என்ற நோய் உள்ளவர்கள் கோதுமையை அறவே விட வேண்டும். நூற்றில் சுமார் ஒருவருக்கு அது உண்டு. மற்ற எல்லோருக்கும் கோதுமை நஞ்சு என்று அந்தப் புத்தகம் போகிற தூரத்துக்கு ஆதாரம் போகவில்லை. உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே சீலியாக் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நிறுத்திய பிறகு செய்தால் நோய் இருந்தும் இல்லை என்று காட்டலாம். இதைச் சொல்லாமல் ‘நாளையே விட்டுவிடு’ என்கிற எந்தப் புத்தகத்தையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சர்க்கரையைப் பொறுத்தவரை சோறா சப்பாத்தியா என்பதைவிட எத்தனை சப்பாத்தி என்பதே முக்கியம். சகலையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: வின்ஸ்டன் சர்ச்சிலின் ‘தி கிரைசிஸ்’, 1901 பதிப்பு, ‘நோபல் பரிசு பெற்ற பிரிட்டிஷ் பிரதமரின் அரிய நாவல்’ என்று ஈபேயில் பார்த்து நல்ல விலை கொடுத்து வாங்கினேன். நண்பர் ஒருவர் சிரிக்கிறார். ஏன்?

பதில்: அது அந்தச் சர்ச்சில் இல்லை. மிசௌரியின் செயின்ட் லூயிஸில் 1871இல் பிறந்த அமெரிக்க நாவலாசிரியர் வின்ஸ்டன் சர்ச்சில் எழுதியது. உள்நாட்டுப் போர்க் காலக் கதை, அந்த ஆண்டில் அமெரிக்காவில் அதிகம் விற்ற நாவல். அதனால்தான் பழைய பிரதிகள் இன்றும் மலிவாகக் குவிந்து கிடக்கின்றன. கதை மட்டும் போதுமென்றால் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

அந்தக் காலத்தில் அமெரிக்கர்தான் பெரிய புள்ளி. 1899இல் லண்டன்காரர் அவருக்குக் கடிதம் எழுதி, குழப்பம் வராமல் இருக்க இனி ‘வின்ஸ்டன் ஸ்பென்சர் சர்ச்சில்’ என்று கையெழுத்திடுவதாகச் சொன்னார். தனக்கு நடுப்பெயர் இருந்திருந்தால் தானும் போட்டுக்கொண்டிருப்பேன் என்று அமெரிக்கர் பதில் எழுதினார். 1900இல் பாஸ்டனில் இருவரும் சந்தித்தும் இருக்கிறார்கள். அமெரிக்கர் பிறகு நியூ ஹாம்ப்ஷயர் சட்டமன்றத்தில் இருந்தார், ஆளுநர் பதவிக்கும் போட்டியிட்டார். இவரும் அரசியல்வாதி என்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. போதாக்குறைக்கு, பிரிட்டிஷ்காரரின் முதல் உலகப் போர் நூல் வரிசைக்கு ‘தி வேர்ல்ட் கிரைசிஸ்’ என்று பெயர். அது 1923இல்தான் தொடங்கியது. சர்ச்சில் பெயரில் நாவல் என்றால் அமெரிக்கர் என்று எடுத்துக்கொள்ளலாம். விதிவிலக்கு ஒன்றே ஒன்று: பிரிட்டிஷ்காரரின் ‘சவ்ரோலா’.

உங்கள் பணம் திரும்ப வர வழி உண்டு. பட்டியலில் எழுதிய விவரமும் வந்த பொருளும் ஒத்துப்போகாவிட்டால் ஈபேயின் பண உத்தரவாதத்தில் 30 நாளுக்குள் கேட்கலாம். ‘பிரதமர்’, ‘நோபல்’ என்ற வரிகள் உள்ள பக்கத்தை இன்றே படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், விற்றவர் திருத்திவிடுவதற்கு முன்.

கேள்வி: கிளின்டனோடு நாவல் எழுதிய ஜேம்ஸ் பேட்டர்சன் புற்றுநோய் பற்றியும் எழுதியிருக்கிறாரா? சிகிச்சையில் இருக்கும் அத்தைக்கு அனுப்ப நினைக்கிறேன்.

பதில்: புற்றுநோய் பற்றி எழுதியவர் வேறு ஆள், அனுப்பாதீர்கள். ‘தி டிரெட் டிசீஸ்’ (1987) பிரவுன் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் டி. பேட்டர்சன் எழுதியது. அமெரிக்கர்கள் புற்றுநோயை எப்படியெல்லாம் பயந்தார்கள் என்ற சமூக வரலாறு, நோயாளிக்கு ஆறுதல் தரும் புத்தகம் அல்ல. உங்களுக்கு வரலாறு பிடிக்குமானால் இவருடைய ‘கிராண்ட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ வாங்குங்கள், 1945 முதல் 1974 வரையான அமெரிக்காவுக்கு அதைவிட நல்ல ஒற்றை நூல் சொல்வது கஷ்டம். கென்னடி குடும்பம் பற்றி பேட்டர்சன் என்று வந்தால் மட்டும் அது கிளின்டனோடு எழுதிய திரில்லர்காரர்தான்.

கேள்வி: வாங்குவதற்கு முன் ஆள் சரிதானா என்று எப்படிப் பார்ப்பது? ஐ.எஸ்.பி.என். எண் போதுமா?

பதில்: அந்த எண் புத்தகத்துக்கு உரியது, மனிதருக்கு அல்ல. ஒரே நூலின் கெட்டி அட்டைக்கும் சாதா அட்டைக்கும்கூட வெவ்வேறு எண்தான். ஆனால் உங்களுக்கு வேண்டிய பதிப்பின் எண் தெரிந்தால், பெயரை விட்டுவிட்டு அதைப் போட்டுத் தேடுவதே நல்ல வழி. ஆளை அடையாளம் காண அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையப் பட்டியலைப் பாருங்கள். ஒரே பெயர்க்காரர்களைப் பிறந்த ஆண்டு, நடுப்பெயர் சேர்த்துப் பிரித்து வைத்திருப்பார்கள். பல அமெரிக்கப் புத்தகங்களின் காப்புரிமைப் பக்கத்திலும் அதே விவரம் இருக்கும். குட்ரீட்ஸ் தளத்தில் பெயர்களுக்கு நடுவே கூடுதல் இடைவெளி விட்டுப் பிரிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத வேலி, அதை நம்பிப் பயனில்லை.

தலைப்பை மட்டும் நம்பியும் வாங்க முடியாது. அமெரிக்கச் சட்டத்தில் புத்தகத் தலைப்புக்குக் காப்புரிமை கிடையாது. ‘தி எனிமி விதின்’ என்று 1960இல் ராபர்ட் கென்னடி தொழிற்சங்க ஊழல் பற்றி எழுதினார். அதே தலைப்பில் வானொலிப் பேச்சாளர் மைக்கேல் சாவேஜும் எழுதியிருக்கிறார். இவர் கதை தலைகீழ். மூலிகை, உணவு பற்றிய புத்தகங்களை மைக்கேல் வீனர் என்ற சொந்தப் பெயரில் எழுதிவிட்டு, அரசியலுக்கு சாவேஜ் ஆனார். பழைய மூலிகைப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் பலருக்கு இது தெரியாது.

கேள்வி: டேவிட் கெஸ்லரின் மின்னூலைத் தவறுதலாக வாங்கிவிட்டேன். அதிகமாகச் சாப்பிடுவது பற்றி எழுதியவர் வேண்டும், துக்கம் பற்றிய புத்தகம் வந்துவிட்டது.

பதில்: உணவு பற்றி எழுதியவர் டேவிட் ஏ. கெஸ்லர், 1990 முதல் 1997 வரை அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் தலைவர். அவருடைய புத்தகம் ‘தி எண்ட் ஆஃப் ஓவர்ஈட்டிங்’. கிண்டிலில் தவறாக வாங்கியதைப் பொதுவாக 7 நாளுக்குள் ரத்து செய்யலாம், ஆர்டர்கள் பக்கத்திலேயே வழி இருக்கும். அதிகம் படித்திருந்தால் மறுத்துவிடுவார்கள், அதனால் பக்கத்தைப் புரட்டாமல் முதலில் ரத்து செய்யுங்கள்.