முடக்கக் காலத்து மனநலம்: சுங்கை சிப்புட் வாசகர்களுக்குப் பதில்கள்

மலேசியாவில் கொரோனா தொற்றுக்காக 2020 மார்ச் 18இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாடு, 2021 ஜூன் 1 முதல் மீண்டும் முழு முடக்கமான நிலையில் வந்த கடிதங்கள் இவை.

இரவு 2 மணி ஆனாலும் தூக்கம் வருவதில்லை. தொற்று எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறேன்.

அந்த எண்ணிக்கையை நாளுக்கு ஒரு முறை பார்த்தால் போதும். எத்தனை மணிக்குக் கண்ணயர்ந்தாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்துவிடுங்கள். பிற்பகல் 3 மணிக்கு மேல் தே தாரேக் என்ற பால் தேநீர் வேண்டாம். அதன் வீரியத்தில் பாதி ஐந்தாறு மணி நேரம் கழித்தும் உடம்பில் தங்கியிருக்கும். நாத்தனாரின் தூக்க மாத்திரையில் பாதியைப் போட்டுப் பார்த்ததாகக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அடுத்தவர் மாத்திரை உங்களுக்கு மருந்தன்று.

ஏதோ மாதிரி இருக்கிறது. நல்ல மாத்திரையாகச் சொல்லவும்.

வயது இல்லை, எத்தனை நாளாக என்பது இல்லை, வேறு நோய் உண்டா என்பதும் இல்லை. இதை வைத்துக்கொண்டு நான் எதைச் சொல்வது? சோர்வும் எதிலும் நாட்டமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்).

சம்சு (மலிவுச் சாராயம்) கிடைக்காததால் அப்பா மூன்று நாளாகக் குடிக்கவில்லை. கை நடுங்குகிறது, சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார். பைத்தியமா?

இதை எழுதியவருடன் கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் பேசிவிட்டேன்; மற்ற வீடுகளுக்காக எழுதுகிறேன். பல ஆண்டுகளாக நாள் தவறாமல் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அடுத்த ஓரிரு நாளில் காய்ச்சல், குழப்பம், இல்லாத ஒன்று கண்ணுக்குத் தெரிவது ஆகியவை சேர்ந்துகொண்டால் உயிருக்கே ஆபத்து. 999ஐ அழையுங்கள்.

மகன் மூன்று மாதமாக மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறான்; இப்போது நன்றாக இருக்கிறான். தோட்டத்து லயத்தில், மனநல மருத்துவமனை இருக்கும் ஊரைச் சொல்லி ‘தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்’ என்கிறார்கள். மாத்திரையை மைலோ டின்னில் ஒளித்து வைத்திருக்கிறேன். நிறுத்திவிடலாமா?

கூடாது. அம்மா, அவர் நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால்தான். இவ்வகை மருந்து வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரமாகும். குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வருவதோடு நோயும் திரும்பக்கூடும். எப்போது, எப்படிக் குறைப்பது என்பதை எழுதிக்கொடுத்த மருத்துவர் சொல்லட்டும். வெளியே போகத் தயக்கமென்றால் மருந்தைத் தபாலில் அனுப்ப முடியுமா என்று மருத்துவமனை மருந்தகத்தில் கேளுங்கள்.

அந்தப் பட்டப்பெயருக்கு வருகிறேன். தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனை 1911இல் திறக்கப்பட்டது; இன்று அதன் பெயரில் இருக்கும் ‘பஹாகியா’ என்ற மலாய்ச் சொல்லுக்கு மகிழ்ச்சி என்று பொருள். நூற்றுப் பத்து ஆண்டுகளுக்கு மேலாக எத்தனையோ பேரைத் தேற்றி வீட்டுக்கு அனுப்பிய இடத்தின் பெயரைத் தோட்டத்திலும் கோப்பிக் கடையிலும் வசவாக்கி வைத்திருக்கிறோம். மகனை அங்கே அழைத்துப்போனால் கல்யாணம் நடக்காது என்று அஞ்சி, பூசாரியிடம் ஆறு மாதம் அலைந்துவிட்டு, நோய் முற்றிய பிறகு என்னிடம் வருகிறார்கள். இனிப்பு நீருக்கு (நீரிழிவுக்கு) மாத்திரை போடுபவர் அதை அடுப்படி மேடையிலேயே வைக்கிறார், யாரும் வாய் திறப்பதில்லை. உங்கள் மகனுடையதையும் டின்னிலிருந்து எடுத்து அங்கேயே வையுங்கள். மறைத்து வைக்கும் மருந்துதான் முதலில் மறந்துபோகும்.

செத்துவிடலாம் போல் தோன்றுகிறது. டாக்டரிடம் சொன்னால் போலீஸ் பிடிக்குமா?

பிடிக்காது. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு தற்கொலை முயற்சியைத்தான் குற்றம் என்றது, எண்ணத்தை அன்று. அந்தப் பிரிவும் 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. இன்றே உடனிருக்கும் ஒருவரிடம் சொல்லுங்கள். வீட்டில் களைக்கொல்லி இருந்தால் அவரிடம் கொடுத்து அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். மனம்விட்டுப் பேச உதவும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 எண்ணில் இரவு பகல் பாராமல் பேசலாம். இன்றிரவைக் கடப்பதே கடினமென்று தோன்றினால் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கபசுரக் குடிநீர் குடித்தால் மனச்சோர்வு போகுமா?

போகாது. அதை நம்பி, எடுத்துக்கொண்டிருக்கும் மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.