பாலத்தை இடிக்காமல் பழைய நெடுஞ்சாலைச் சந்திப்பின் நெரிசலைக் குறைக்க முடியுமா?

முடியும். அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில், ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும் அதைப் பாலத்தின் மேல் கடக்கும் 13ஆம் எண் மாநிலச் சாலையும் சந்திக்கும் இடத்தில் 2009இல் அதைச் செய்து காட்டினார்கள். அந்நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்புறமாகச் செல்வதால், இடப்பக்கம் திரும்பி நெடுஞ்சாலைக்குள் நுழைவோர் எதிர்த்திசை வண்டிகளைக் குறுக்கே கடந்தாக வேண்டும். அதற்கென்று சிக்னலில் தனியாக நேரம் ஒதுக்கினால், எதிரே நேராகச் செல்ல வேண்டியவர்கள் அதுவரை நிற்க வேண்டியதுதான்.

புதிய அமைப்பில், பாலத்தை நெருங்கும் இரு திசை வண்டிகளும் ஒரு சிக்னலில் பக்கம் மாறி, பாலத்தின் மேல் நம் ஊரைப் போல இடப்புறமாக ஓடி, மறுமுனையில் இன்னொரு சிக்னலில் மீண்டும் வலப்புறத்துக்கு வந்துவிடுகின்றன. இதனால் இடப்பக்கம் திரும்புவோர் யாரையும் மறிக்காமல் நெடுஞ்சாலைக்கு இறங்கும் இணைப்புச் சாலைக்குள் நுழைந்துவிடலாம். சிக்னலுக்கும், திசைக்கு ஒன்றாக, இரண்டே கட்டங்கள் போதும். கேட்பதற்கு விபரீதமாகத் தோன்றினாலும், சாலையின் வளைவும் தடுப்புகளும் ஓட்டுநரைத் தாமாகவே சரியான தடத்தில் கொண்டுபோய் விடுகின்றன. பழைய பாலத்தையே வைத்துக்கொண்டதுதான் இதில் பெரிய சிக்கனம் என்பேன். நடந்து செல்வோருக்கோ பாலத்தின் நடுவில், இருபுறமும் கான்கிரீட் சுவருடன், தனிப் பாதை உண்டு.

எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. திரும்பும் வண்டிகள் குறைவாகவும் நேரே செல்பவை மிகுதியாகவும் இருந்தாலோ, அடுத்த சிக்னல் மிக அருகில் இருந்தாலோ, பலன் சொற்பமே.