லக்ராஸ் யாருடைய ஆட்டம்?

கேள்வி: 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில், வலை கட்டிய மட்டையால் பந்தை ஏந்தி எறிந்து கோல் போடும் லக்ராஸ் ஆட்டம் மீண்டும் சேர்க்கப்படுகிறது. அது வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் ஆட்டம் என்று படித்தேன். பிறகு அது எப்படிக் கனடிய வெள்ளையரின் விளையாட்டாக அறியப்பட்டது?
(ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: அந்த ஆட்டத்துக்கு வெள்ளையர் விதி எழுதினர், அந்த விதியே அதற்குரியவர்களை வெளியே நிறுத்தியது. மோஹாக் உள்ளிட்ட ஆறு இனங்களின் கூட்டமைப்பான ஹோடினோசோனி மக்கள், இதைப் படைத்தவன் தந்த ஆட்டமாகப் போற்றுகிறார்கள். ஹிக்கரி மரத்தை வளைத்துத் தோல்வாரால் வலை பின்னிய மட்டையோடு பரந்த வெளியில் பெருந்திரளாக இறங்கி ஆடுவதும், நோயுற்றவர் நலம்பெற வேண்டி ஆடுவதும் அவர்கள் மரபு. அண்டை இனத்தவரான ஹூரோன் மக்கள் இவ்வாறு நோயாளிக்காக ஆடியதை, 1636இலேயே பிரெஞ்சுப் பாதிரியார் ழான் டி பிரெபெஃப் பதிவு செய்திருக்கிறார்.

மாண்ட்ரியல் நகரின் பல் மருத்துவர் ஜார்ஜ் பீர்ஸ், மோஹாக் மக்களின் ஆட்டத்தைக் கண்டு பழகியவர். அணிக்கு 12 பேர், ரப்பர் பந்து என்று அவர் வகுத்த விதிகளை 1867இல் உருவான கனடாவின் தேசிய லக்ராஸ் சங்கம் ஏற்றுக்கொண்டது. வேண்டுதலும் சடங்கும் அந்த ஏட்டில் இடம்பெறவில்லை. என்னை மிகவும் வருத்துவது அடுத்து நடந்ததுதான். ஏழைகளான பூர்வகுடி வீரர்கள் பயணச் செலவை ஈடுகட்டப் பணம் பெற்று ஆடினர். 1880இல் சங்கம், பணம் பெறாதவரே போட்டியிடலாம் என்று விதித்து, அவர்களைச் சாம்பியன் போட்டிகளிலிருந்து விலக்கியது. ஆனால் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, அதே மக்களை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்று, விக்டோரியா மகாராணியின் முன் காட்சிப்பொருளாக ஆடவைத்ததில் யாருக்கும் தயக்கம் இருக்கவில்லை.

1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் மோஹாக் வீரர்களின் அணி மூன்றாமிடம் பெற்றபோதும், அந்தப் பதக்கம் கனடாவின் கணக்கில்தான் சேர்ந்தது. 1983இல் ஹோடினோசோனி மக்கள் தங்களுக்கெனத் தனி அணி அமைத்து, 1990 முதல் உலகப் போட்டிகளில் தங்கள் கொடியோடு ஆடிவருகின்றனர். 2010இல் மான்செஸ்டர் போட்டிக்குப் புறப்பட்டபோது, ஹோடினோசோனி கடவுச்சீட்டைப் பிரிட்டன் ஏற்க மறுத்தது. வேறு நாட்டுக் கடவுச்சீட்டில் செல்ல அவர்கள் இசையாததால் அந்தப் போட்டியையே இழந்தனர். 2014, 2018, 2023 உலகப் போட்டிகளில் ஆடவர் அணி வெண்கலம் வென்றிருக்கிறது.

இப்போது 2028க்குத் தடையாக நிற்பதும் ஒரு விதிதான்: தேசிய ஒலிம்பிக் குழு உள்ள நாடுகளே அணி அனுப்பலாம். ஹோடினோசோனி மக்களுக்கு அப்படியொரு குழு இல்லை. அந்த விதிக்கு இவர்கள் பொருட்டு விலக்கு அளிப்பதே நியாயம் என்று உறுதியாகக் கருதுகிறேன்.