சோல்ட் லேக்கில் வீடு தேடுகிறவர்களுக்கு

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்குமேல் ஒரே ஊரைப் பற்றியவை. அமெரிக்காவின் மேற்கே, யூட்டா மாநிலத்துச் சோல்ட் லேக் சிட்டி. ஓகஸ்டில் பல்கலைக்கழகம் தொடங்குகிறது, அதுதான் இந்த அவசரம். நகர எல்லைக்குள் இரண்டு லட்சம் பேர் மட்டில்தான், கொழும்பு மாநகர சபை எல்லைக்குள் இருப்பவர்களில் பாதிகூட இல்லை. ஆனால் வாடகை மட்டும் சின்ன ஊர் வாடகை இல்லை.

மகனுக்கு யூட்டா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. இணையத்தில் இரண்டு அறை வீடு ஒன்று பார்த்தோம், மாதம் 700 டொலர். சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கிறாராம், முற்பணமும் முதல் மாத வாடகையும் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவாராம். அனுப்பலாமா? (வாசகி, வெள்ளவத்தை)

அனுப்பாதீர்கள் அக்கா. அந்த ஊரில் ஒற்றை அறை ஃபிளாட்டே பொதுவாக ஆயிரம் டொலரைத் தாண்டித்தான் போகிறது, இரண்டு அறையை 700க்குத் தருகிறேன் என்பவரிடம் வீடே இருக்காது. வேறு யாரோ போட்ட விளம்பரத்தின் படங்களை எடுத்து, விலையைக் குறைத்துப் போட்டு, தூரத்தில் இருப்பவர்களாகப் பார்த்துப் பிடிப்பார்கள். உள்ளே போய்ப் பார்க்க முடியாது, வீடியோ அழைப்பில் காட்ட முடியாது, காசு மட்டும் இன்றைக்கே வேண்டும் என்று மூன்றும் சேர்ந்து வந்தால் கதை முடிந்தது.

மகன் முதலில் பல்கலைக்கழக விடுதிக்கு விண்ணப்பிக்கட்டும். கிடைக்காவிட்டால் அங்கே ஏற்கெனவே இருக்கும் இலங்கை, இந்திய மாணவர்களைக் கேட்டு, யாராவது காலி செய்யும் அறையை எடுக்கலாம், அல்லது சில வாரங்களுக்குத் தற்காலிகமாக ஓர் இடத்தில் தங்கிக்கொண்டு நேரில் போய்ப் பார்த்து எடுக்கலாம். உள்ளூர்க்காரர்கள் கே.எஸ்.எல். கிளாசிஃபைட்ஸ் என்ற இணைய விளம்பரத் தளத்தில்தான் அதிகம் தேடுவார்கள். அங்கும் கள்ளர் உண்டு, பார்த்த பிறகே காசு.

ஃபிளாட் அலுவலகத்தில் கிரெடிட் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் புள்ளி), சோஷல் செக்யூரிட்டி நம்பர் (அமெரிக்க அரசு தரும் அடையாள எண்), வாடகையைப்போல மூன்று மடங்கு மாத வருமானம் எல்லாம் கேட்கிறார்கள். புதிதாகப் போகிற மாணவனிடம் இதெல்லாம் எப்படி இருக்கும்? ஒரு வருட வாடகையை மொத்தமாகக் கட்டிவிடலாமா? (வாசகர், கொட்டாஞ்சேனை)

இருக்காதுதான், அது அவர்களுக்கும் தெரியும். நம் ஊரில் ஆறு மாதமோ ஒரு வருடமோ அட்வான்ஸ் கொடுத்தால் வேறு கேள்வி இல்லை. அங்கே முற்பணம் வழக்கமாக ஒரு மாத வாடகை அளவு, மற்றதெல்லாம் கடிதம். மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம், வங்கிக் கடிதம், உதவித்தொகை இருந்தால் அதன் கடிதம், கடவுச்சீட்டு எல்லாவற்றையும் ஒரே ஃபைலாகச் சேர்த்து, விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்னால் மின்னஞ்சலில் கேளுங்கள்: 'கிரெடிட் இல்லாத வெளிநாட்டு மாணவனை எடுப்பீர்களா, என்ன நிபந்தனை?' ஏனென்றால் அந்தக் கட்டணம் பெரும்பாலும் திரும்பி வராது, நாலு இடத்தில் கட்டினால் நாலும் போகும். சில இடங்களில் கூடுதல் முற்பணம் கேட்பார்கள், சில இடங்களில் அமெரிக்காவில் இருக்கும் ஒருவர் பிணை நிற்க வேண்டும் என்பார்கள். மொத்த வாடகையை முன்கூட்டியே கட்டுவதை நான் விரும்பவில்லை. ஹீட்டர் உடைந்தால் சண்டை பிடிக்கக் கையில் என்ன இருக்கும்?

அப்புறம் இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். மூன்று பேர் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தால், ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாலும் அவன் பங்கையும் மற்ற இருவரிடம் கேட்கலாம் என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். அறைக்கு ஓர் ஒப்பந்தம் என்று தனித்தனியாகப் போடும் மாணவர் குடியிருப்புகளும் உண்டு, விலை கொஞ்சம் கூடினாலும் அது நிம்மதி. வாடகை பிந்தினால் யூட்டா சட்டம் குடியிருப்பவர் பக்கம் அவ்வளவாக நிற்காது: மூன்று வேலை நாட்களுக்குள் கட்டு அல்லது வெளியேறு என்று நோட்டீஸ் வரும். அதையும் தாண்டி இருந்து வழக்கானால் மூன்று மடங்கு நட்டஈடு வரைக்கும் போகலாம். வெள்ளவத்தையில் வீட்டுக்கார அன்ரியிடம் 'அடுத்த கிழமை தாறேன்' என்று சொல்லிச் சமாளிக்கிற மாதிரி அங்கே முடியாது, பெரிய குடியிருப்புகளில் பேச ஒரு முகமே இருக்காது, பேசுவது அந்தக் காகிதம்தான். ஆகவே முப்பது பக்கமானாலும் வாசித்துவிட்டே கையெழுத்து.

மனைவியும் மூன்று வயதுப் பிள்ளையுமாகப் போகிறோம். கார் வாங்க இப்போதைக்கு வழியில்லை. எந்தப் பக்கம் வீடு பார்க்க வேண்டும்? முகவரிகளே விளங்கவில்லை. (வாசகர், தெஹிவளை)

முகவரி பிடிபட்டால் அந்த ஊரைப்போலச் சுலபமான ஊர் இல்லை. நகர நடுவில் மோர்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் ஆலயம் இருக்கும் டெம்பிள் சதுக்கம்தான் பூச்சியம். அங்கிருந்து ஒவ்வொரு தெருவுக்கும் நூறு நூறாகக் கூடும். '400 தெற்கு, 700 கிழக்கு' என்றால் தெற்கே நாலு கட்டம், கிழக்கே ஏழு கட்டம். ஆனால் கட்டம் என்பது நம் ஒழுங்கை இடைவெளி இல்லை, ஒரு பக்கமே 200 மீட்டர், தெரு மட்டும் 40 மீட்டர் அகலம். 1847இல் குடியேறியவர்கள் அப்படி அளந்து வைத்துவிட்டார்கள். வரைபடத்தில் 'ஐந்து தெரு தள்ளி' என்று பார்த்து எடுத்துவிட்டுப் பனியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கார் இல்லையென்றால் வீட்டைப் பார்க்காதீர்கள், ட்ராக்ஸ் ரயில் பாதையைப் பாருங்கள். சிவப்புப் பாதை 400 தெற்கு வீதி வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு ஏறுகிறது, பச்சைப் பாதை விமான நிலையத்துக்குப் போகிறது. 600 கிழக்கு, 900 கிழக்கு நிறுத்தங்களைச் சுற்றி வாடகை சற்று அதிகம்தான். தெற்கே தள்ளிப்போனால் குறையும், ஆனால் அந்த மிச்சம் ஊபருக்கே போய்விடும். யூட்டா பல்கலைக்கழக மாணவர் அட்டையே பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் பாஸ், அதையும் கணக்கில் எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை சேவை குறைவு, சாமான் வாங்குவதைச் சனிக்கிழமையே முடியுங்கள்.

அங்கே குளிர் எப்படி? (வாசகி, பம்பலப்பிட்டி)

உயரம் ஏறக்குறைய 1,300 மீட்டர், பண்டாரவளையைவிடக் கொஞ்சம்தான் கூட. குளிர் அந்தக் குளிர் இல்லை, பனி கொட்டும். அதைவிட வறட்சிதான் நம்மவர்களைப் படுத்தும், உதடு வெடிக்கும், சிலருக்கு மூக்கில் இரத்தம் வரும். டிசம்பர், ஜனவரியில் மலைகளுக்கு நடுவே குளிர்காற்று அடைபட்டு, புகையும் சேர்ந்து நாட்கணக்கில் நிற்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலர் இல்லாமல் போகாதீர்கள். சில நாள் வெளியூர் போனாலும் ஹீட்டரை முழுதாக அணைக்க வேண்டாம், குழாயில் தண்ணீர் உறைந்து வெடித்தால் பில் உங்களுக்கு வரும்.

கறி சமைத்தால் பிரச்சினை வருமா? (வாசகி, வத்தளை)

சமைப்பதற்குத் தடை இல்லை. மீன் பொரிக்கும்போதும் மிளகாய் வறுக்கும்போதும் யன்னலைத் திறந்துவிட்டுச் செய்யுங்கள், ஏனென்றால் பல ஃபிளாட்களில் அடுப்புக்கு மேலே இருக்கும் ஃபேன் புகையை வெளியே தள்ளாது, வடிகட்டி உள்ளேயே விடும். ஸ்மோக் அலாரத்தைக் கழற்றி வைக்கிற கெட்டித்தனம் மட்டும் வேண்டாம். காலி செய்யும்போது 'வாடை போகப் பெயின்ட் அடித்தோம்' என்று முற்பணத்தில் வெட்டுவார்கள் என்று பயந்தால், குடி போகிற அன்றே சுவர், கம்பளம், அடுப்பு, குளியலறை எல்லாவற்றையும் திகதி தெரியப் படம் எடுத்து அலுவலகத்துக்கு மின்னஞ்சல் செய்துவிடுங்கள். வெளியேறி 30 நாட்களுக்குள் முற்பணத்தையோ, எதற்கு எவ்வளவு வெட்டினார்கள் என்ற கணக்கையோ அவர்கள் அனுப்ப வேண்டும். வழக்கமான தேய்மானத்துக்கு வெட்ட முடியாது. புதிய முகவரியை எழுத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

பக்கத்தில் கோயில் இருக்கிறதா? (அதே வாசகி)

தென் ஜோர்டன் என்ற புறநகரில் கணேசர் கோயில் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும் ஃப்ரன்ட்ரன்னர் ரயில் ஞாயிற்றுக்கிழமை ஓடாது, கார் உள்ள யாரையாவது பிடித்து வையுங்கள்.