மோதலுக்குப் பிறகு: கார் பழுதும் காப்பீட்டுக் கிளெய்மும் – டர்பன் வாசகர்களின் கேள்விகள்

விபத்தில் சிக்கிய வாகனங்களின் சேதத்தை மதிப்பிடும் அசெசராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்பதால், தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழும் வாசகர்கள் எழுதிய கேள்விகளை என்னிடம் அனுப்பியிருந்தார்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, ஊர்ப் பெயரை மட்டும் குறிப்பிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

சாட்ஸ்வொர்த்: ஹிகின்சன் ஹைவேயில் மாலை நெரிசலில் என் கார் மோதி நின்றுவிட்டது. நான் யாரையும் அழைப்பதற்கு முன்பே இரண்டு டோ டிரக்குகள் வந்து நின்றன. ஒருவர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இப்போது இழுத்த கூலியையும் நாள் வாடகையையும் கட்டினால்தான் காரை விடுவேன் என்கிறார். காப்பீட்டு நிறுவனமோ முழுத் தொகையையும் ஏற்க மறுக்கிறது. நான் என்ன செய்வது?

பதில்: கார் எந்த யார்டில் நிற்கிறது, நாளொன்றுக்கு எவ்வளவு வாடகை கேட்கிறார்கள் என்ற விவரங்களை இன்றே உங்கள் நிறுவனத்தின் கிளெய்ம் பிரிவுக்கு மின்னஞ்சலில் தெரிவித்து, காரை உடனே தங்கள் யார்டுக்கு மாற்றும்படி எழுதிக் கேளுங்கள். தொலைபேசியில் சொன்னது போதாது. வாடகை நாள்தோறும் ஏறிக்கொண்டே போகும். நீங்கள் தகவல் கொடுத்த பிறகு ஏறிய வாடகை யார் தலையில் விழவேண்டும் என்ற வாதம் எழும்போது, அந்த மின்னஞ்சலில் உள்ள தேதிதான் உங்களுக்குக் கைகொடுக்கும். அதோடு, நீங்கள் கையெழுத்திட்ட தாளின் நகலையும், இழுத்த கூலி, தூரத்துக்கான கூலி, வாடகை, விடுவிப்புக் கட்டணம் என்று தனித்தனியாகப் பிரித்த ரசீதையும் டோ டிரக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். மொத்தமாக ஒரு தொகையைச் சொல்பவர்கள்கூட, பிரித்து எழுதச் சொன்னவுடன் குறைப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அந்தத் தாளை ஒருமுறை பொறுமையாகப் படித்துப் பாருங்கள். காரை இழுத்துச் செல்ல அனுமதி, யார்டில் வைத்திருக்க வாடகை, காரைப் பிரித்துப் பார்த்து மதிப்பீடு தயாரிக்க அனுமதி ஆகிய மூன்றும் ஒரே கையெழுத்தில் அடங்கியிருப்பது உண்டு. மூன்றாவது இருந்தால், பிரிக்கும் வேலையைத் தொடங்கக் கூடாது என்று உடனே எழுதித் தெரிவியுங்கள். பிரித்துப் போட்ட காரை வேறு பேனல் பீட்டரிடம் (காரின் உடற்பகுதியைச் சரிசெய்பவரிடம்) மாற்றுவது இரட்டைச் செலவு.

இனி மோதலில் சிக்கக்கூடிய மற்ற வாசகர்களுக்கு: காப்பீட்டு நிறுவனத்தின் அவசர எண்ணைக் கைப்பேசியிலும் முன்கண்ணாடியின் ஓரத்திலும் வைத்திருங்கள். போக்குவரத்துக்கு இடைஞ்சலாக இருக்கும் காரை அப்புறப்படுத்தும்படி மெட்ரோ போலீஸார் சொல்லலாம். ஆனால் அது எந்த யார்டுக்குப் போகவேண்டும் என்பது உங்கள் முடிவு. வேறு வழியில்லாமல் கையெழுத்திட நேர்ந்தால், தொகை எழுதாத கட்டத்தைக் காலியாக விடாதீர்கள், போகும் இடத்தை உங்கள் கையாலேயே எழுதுங்கள், டிரக்கின் பதிவெண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

போலீஸில் தெரிவிப்பதற்கும் கெடு உண்டு. 1996ஆம் ஆண்டின் தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 61ஆம் பிரிவின்படி, யாராவது இறந்திருந்தாலோ காயமடைந்திருந்தாலோ 24 மணி நேரத்துக்குள்ளும், மற்ற விபத்துகளில் அடுத்த வேலை நாளிலும் தெரிவிக்கவேண்டும். அங்கே தரப்படும் விபத்து அறிக்கை எண் இல்லாமல் கிளெய்ம் நகராது. காயமடைந்தவர் இருந்தால், சாலை முழுவதும் அடைபட்டிருந்தாலொழிய, அதிகாரியின் அனுமதியின்றி வாகனத்தை நகர்த்தக் கூடாது. நகர்த்தவேண்டி வந்தாலும் அது நின்ற இடத்தைத் தரையில் குறித்துவிட்டே நகர்த்தவேண்டும். இன்னொன்று, அதிர்ச்சி தெளியட்டும் என்று அக்கறையுள்ள உறவினர் யாராவது ஒரு கிளாஸ் பிராந்தியை நீட்டினால் வாங்காதீர்கள். போலீஸில் தெரிவிக்கும் முன் மது அருந்துவதை அதே பிரிவு தடுக்கிறது.

ஃபீனிக்ஸ்: சிக்னலில் நின்றிருந்த என் காரைப் பின்னால் வந்த பக்கி (பிக்கப் வண்டி) இடித்தது. அதன் ஓட்டுநருக்குக் காப்பீடே இல்லை. எனக்கு இருப்பதும் மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும்தான். பேனல் பீட்டர் 23,000 ராண்ட் ஆகும் என்கிறார். பணத்தை எப்படி வாங்குவது?

பதில்: தென்னாப்பிரிக்காவில் வாகனக் காப்பீடு கட்டாயம் இல்லை என்பதால் இந்த நிலை அன்றாடம் நேர்கிறது. மூன்றாம் தரப்புக் காப்பீடு நீங்கள் பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்குத்தான் உதவும். உங்கள் காருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. ஆர்.ஏ.எஃப். என்ற சாலை விபத்து நிதியத்தை நம்பிப் பலர் எழுதியிருக்கிறார்கள். அந்த நிதியம் உடற்காயத்துக்கும் உயிரிழப்புக்கும் மட்டுமே இழப்பீடு தரும், வாகனச் சேதத்துக்குத் தராது. ஆகவே, இடித்தவரிடமிருந்து நேரடியாகவே வசூலிக்கவேண்டும்.

முதலில் இரண்டு வெவ்வேறு பேனல் பீட்டர்களிடம் மதிப்பீடு வாங்குங்கள். பிறகு விபத்தின் தேதி, இடம், அது நிகழ்ந்த விதம், கேட்கும் தொகை ஆகியவற்றைக் குறிப்பிட்டு, 14 நாள்களுக்குள் பணம் செலுத்தக் கோரும் கடிதத்தை நேரிலோ பதிவுத் தபாலிலோ கொடுங்கள். பதில் வராவிட்டால் சிறு வழக்குகள் நீதிமன்றம் உங்களுக்கு ஏற்ற இடம். 2019 ஏப்ரல் 1 முதல் அங்கே கோரக்கூடிய உச்சவரம்பு 20,000 ராண்ட். உங்களுடையது 23,000 என்பதால், மிகுதி 3,000 ராண்டைக் கைவிடுவதாக எழுதிக்கொடுத்தால் வழக்கை ஏற்பார்கள். அங்கே வழக்கறிஞர் ஆஜராக முடியாது என்பதால் அந்தச் செலவு இல்லை. முழுத் தொகைக்காக வேறு நீதிமன்றத்துக்குப் போனால் ஆகும் வழக்கறிஞர் கட்டணத்தையும் காத்திருக்கும் காலத்தையும் கணக்கிட்டால் அந்த 3,000 ராண்டை விடுவதே லாபம் என்பது என் கருத்து.

அந்த நீதிமன்றத்தில் தீர்ப்புச் சொல்லும் ஆணையர் முன்னால் நிற்கும்போது வெறும் மதிப்பீட்டுத் தாள் போதாமல் போகலாம். அந்தத் தொகை நியாயமானது, அவசியமான வேலைக்கானது என்று பேனல் பீட்டர் உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதிக்கொடுத்தால் வழக்கு வலுப்பெறும். பின்னால் வந்து இடித்தவர்மீதே தவறு என்று பொதுவாகக் கருதப்பட்டாலும், உங்கள் பிரேக் விளக்கு எரியவில்லை என்பது போன்ற ஏதாவது நிரூபிக்கப்பட்டால், 1956ஆம் ஆண்டின் இழப்பீட்டுப் பகிர்வுச் சட்டத்தின்படி உங்கள் பங்கு கழிக்கப்படும். ஆகவே காரைச் சரிசெய்வதற்கு முன், விளக்குகள் எரிவது தெரியும்படி பின்புறத்தைப் படம் எடுத்து வையுங்கள். விபத்து நடந்து 3 ஆண்டுகள் ஆனால் உங்கள் உரிமை காலாவதியாகிவிடும்.

வெருலம்: கார் என் பெயரில், காப்பீடும் என் பெயரில். 22 வயது மகன் ஓட்டும்போது மோதிவிட்டது. வழக்கமாக ஓட்டுபவர் மகன்தான் என்று சொல்லி நிறுவனம் கிளெய்மை நிராகரித்துவிட்டது. இது நியாயமா?

பதில்: உண்மையில் வழக்கமாக ஓட்டியவர் யார் என்பதைப் பொறுத்தது. வாரத்தில் ஐந்து நாளும் மகன் அந்தக் காரில் கல்லூரிக்குச் சென்றுவந்து, நீங்கள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் எடுத்திருந்தால், நிறுவனத்தின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. இளம் ஓட்டுநருக்குப் பிரீமியம் அதிகம் என்பதால் காரைத் தாய் தந்தையர் பெயரில் காப்பீடு செய்வது நம் வீடுகளில் பரவலாக இருக்கிறது. கிளெய்ம் வந்தால் அசெசர் முதலில் விசாரிப்பதும் அதைத்தான். பெட்ரோல் கார்டு யாருடையது, கார் இரவில் எங்கே நிற்கிறது, இருக்கை எவ்வளவு பின்னால் தள்ளப்பட்டிருக்கிறது என்பவைகூட அறிக்கையில் ஏறும்.

மகன் எப்போதாவது மட்டுமே ஓட்டியிருந்தால், நீங்கள் விட்டுக்கொடுக்கவேண்டியதில்லை. தவறான தகவல் என்ற காரணம் காட்டிப் பாலிசியை ரத்துசெய்ய, அந்தத் தகவல் இடர் மதிப்பீட்டைக் கணிசமாகப் பாதித்திருக்கவேண்டும் என்று 1998ஆம் ஆண்டின் குறுகிய காலக் காப்பீட்டுச் சட்டத்தின் 53ஆம் பிரிவு சொல்கிறது. நிராகரிப்புக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து நிறுவனத்திடமே முறையிட உங்களுக்குக் குறைந்தது 90 நாள்கள் தரப்படவேண்டும். அதன்பின் வழக்குத் தொடரக் குறைந்தது 6 மாதங்கள் தரப்படவேண்டும். நிறுவனத்தின் பதில் திருப்தி தராவிட்டால், நிதி நிறுவனங்கள்மீதான புகார்களை விசாரிக்கும், 2024 மார்ச் 1 முதல் செயல்படும் தேசிய நிதி ஓம்பட் திட்டத்திடம் கட்டணமின்றிப் புகார் தரலாம். முன்பிருந்த குறுகிய காலக் காப்பீட்டு ஓம்பட்ஸ்மன் அலுவலகம் அதில்தான் இணைக்கப்பட்டது.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன்: விசாரணையின்போது, ஓட்டியது நான்தான் என்று மகனைக் காப்பாற்ற யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது. பணம் கிடைத்திருக்கக்கூடிய கிளெய்ம்கூட அந்த ஒரு பொய்யால் மோசடியாகிவிடும்.

டொங்காட்: காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய பேனல் பீட்டர் சரிசெய்து கொடுத்த கார், வெயிலில் பார்த்தால் கதவு ஒரு நிறமாகவும் ஃபெண்டர் ஒரு நிறமாகவும் தெரிகிறது. வேகமாகப் போகும்போது ஒருபக்கம் இழுக்கவும் செய்கிறது. வாங்கியாகிவிட்டதால் இனி கேட்க முடியாது என்கிறார்களே?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, பழுதுபார்ப்பில் பொருத்தப்பட்ட புதிய பாகங்களுக்கும் அவற்றைப் பொருத்திய வேலைக்கும் குறைந்தது 3 மாத உத்தரவாதம் தருகிறது. பேனல் பீட்டரை அனுப்பியது காப்பீட்டு நிறுவனம் என்பதால் குறையை இருவருக்கும் ஒரே மின்னஞ்சலில் எழுதுங்கள். ஒருவர் மற்றவரைக் கைகாட்டும் விளையாட்டு அதோடு நிற்கும்.

இரண்டில் நிறம் சின்ன விஷயம். கார் இழுப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. வீல் அலைன்மென்ட் செய்த அச்சிட்ட அறிக்கையையும், சேசிஸ் வளைந்திருந்து ஜிக் என்ற சட்டகத்தில் பொருத்தி நேராக்கியிருந்தால் அதன் அளவுத் தாளையும் கேட்டு வாங்குங்கள். முன்கண்ணாடியில் கேமரா உள்ள புதிய கார்களில், கண்ணாடியையோ முன் பம்பரையோ மாற்றிய பிறகு கேமராவையும் சென்சார்களையும் மறுபடி அளவமைக்கவேண்டும். அதைச் செய்ததற்கான தாள் இல்லையென்றால் செய்யப்படவில்லை என்றே கொள்ளுங்கள்.

காரைத் திரும்ப எடுக்கப்போகிறவர்கள் மாலை இருட்டிலோ, கழுவிய ஈரம் காயாத காரையோ வாங்காதீர்கள். பானெட்டுக்கும் ஃபெண்டருக்கும் இடையிலுள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். கதவின் ரப்பர் ஓரத்தை மடக்கிப் பாருங்கள். அங்கே பெயின்ட் தூவல் படிந்திருந்தால், ரப்பரைக் கழற்றாமல் அவசரத்தில் அடித்திருக்கிறார்கள் என்று பொருள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கும் உரிமையையும் அதே சட்டத்தின் 67ஆம் பிரிவு தருகிறது. மாற்றியதாகப் பில்லில் எழுதிய ஹெட்லைட் உண்மையிலேயே மாற்றப்பட்டதா என்று அறிய அதைவிட எளிய வழி இல்லை.

மெர்பேங்க்: கார் ரைட் ஆஃப் (சரிசெய்வது கட்டுபடியாகாத அளவுக்குச் சேதம்) ஆகிவிட்டது. வங்கிக் கடன் இன்னும் பாக்கி. கிளெய்ம் முடியும்வரை தவணையை நிறுத்திவைக்கலாமா?

பதில்: நிறுத்தக் கூடாது. உங்களுக்கும் வங்கிக்கும் உள்ள ஒப்பந்தத்துக்கும் காப்பீட்டுக்கும் தொடர்பில்லை. தவணை தவறினால் உங்கள் கடன் பதிவுதான் கெடும். காப்பீட்டுப் பணமும் முதலில் வங்கிக்கே போகும். உதாரணமாக, காரின் காப்பீட்டு மதிப்பு 1,80,000 ராண்ட், எக்ஸஸ் (கிளெய்மில் நீங்களே ஏற்கவேண்டிய பங்கு) 6,500 ராண்ட், கடன் பாக்கி 2,15,000 ராண்ட் என்றால், நிறுவனம் தரும் 1,73,500 போக 41,500 ராண்டை நீங்களே கட்டவேண்டும். இதற்கென்றே கடன் பற்றாக்குறைக் காப்பீடு என்று ஒன்று விற்கிறார்கள். கார் வாங்கியபோது கையெழுத்திட்ட கோப்பில் அது இருக்கிறதா என்று தேடுங்கள். இருப்பதே தெரியாமல் பணத்தைக் கட்டியவர்கள் உண்டு.

நிறுவனம் சொல்லும் மதிப்பு குறைவாகத் தோன்றினால், உங்கள் பாலிசி சில்லறை விலைக்கா, சந்தை விலைக்கா, வியாபாரி விலைக்கா என்பதை முதலில் பாருங்கள். அந்த ஒரு சொல்லில் பல ஆயிரம் ராண்ட் வித்தியாசம் வரும். சேதமடைந்த காரையே திரும்ப வாங்கிச் சரிசெய்யலாம் என்ற யோசனை இருந்தால், அது கோட் 3 (சேதத்துக்குப் பின் மீண்டும் கட்டப்பட்ட வாகனம்) ஆகப் பதிவாகுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்படிப் பதிவானால் மறுபடி காப்பீடு செய்வதும் விற்பதும் கடினம்.

இசிப்பிங்கோ: பெரிய வெள்ளியன்று மாரியம்மன் கோயில் அருகே நிறுத்தியிருந்த காரின் பம்பரை யாரோ இடித்துவிட்டுப் போய்விட்டார்கள். சரிசெய்ய 5,200 ராண்ட் ஆகுமாம். எக்ஸஸ் 4,500 ராண்ட். கிளெய்ம் போடலாமா?

பதில்: வேண்டாம். 700 ராண்டுக்காகக் கிளெய்ம் இல்லாத பதிவைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் பெரும்பாலான பாலிசிகள் கிளெய்ம் போடாத சம்பவத்தையும் தெரிவிக்கச் சொல்கின்றன. தகவலுக்காக மட்டும் என்று குறிப்பிட்டு எழுதிவிடுங்கள்.

சாட்ஸ்வொர்த்: என் அம்மா பயணம் செய்த மினிபஸ் டாக்சி மோதியதில் அவருக்குக் கை முறிந்தது. யாரிடம் கேட்பது?

பதில்: இது ஆர்.ஏ.எஃப். கவனிக்கவேண்டியது. தவறு செய்த வாகனம் எது என்று தெரிந்திருந்தால் 3 ஆண்டுகளுக்குள்ளும், இடித்துவிட்டு ஓடிய வாகனம் என்றால் 2 ஆண்டுகளுக்குள்ளும் மனு செய்யவேண்டும். வலி, வேதனை போன்றவற்றுக்கான தொகை, 2008 ஆகஸ்ட் முதல், கடுமையான காயம் என்று மருத்துவர் மதிப்பிட்டால் மட்டுமே கிடைக்கிறது. மருத்துவச் செலவுக்கும் வருமான இழப்புக்கும் அந்த நிபந்தனை இல்லை. முதல் நாள் மருத்துவமனைக் குறிப்பில் டாக்சி விபத்து என்று பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வழுக்கி விழுந்தார் என்று யாராவது எழுதிவைத்திருந்தால், அதைத் திருத்தும் வேலை முதலில்.

உம்கோமாஸ்: சாலைப் பள்ளத்தில் இறங்கிக் கார் ஓரக்கல்லில் மோதியது. ரிம்மும் சஸ்பென்ஷனும் போயின. சாலை அதிகாரிகளிடம் பணம் கேட்க முடியுமா?

பதில்: முடியும், ஆனால் அது யாருடைய சாலை என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். ‘N’ என்ற ஆங்கில எழுத்துடன் தொடங்கும் தேசிய நெடுஞ்சாலை என்றால் பொதுவாக தேசியச் சாலைகளைக் கவனிக்கும் சன்ரல் நிறுவனம், நகருக்குள் என்றால் பெரும்பாலும் டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி மாநகராட்சி, மற்றவை மாகாண அரசு. அரசு அமைப்புகள்மீது வழக்குத் தொடர்வது பற்றிய 2002ஆம் ஆண்டின் 40ஆம் எண் சட்டப்படி, சம்பவம் நடந்து 6 மாதங்களுக்குள் எழுத்துமூல அறிவிப்பு கொடுக்காவிட்டால் வழக்குத் தொடர்வது கடினம். பள்ளத்தின் ஆழம் தெரியும்படி ஓர் அளவுகோலையோ தண்ணீர் பாட்டிலையோ அதில் வைத்துப் படம் எடுங்கள்; அருகிலுள்ள கிலோமீட்டர் பலகையோ விளக்குக் கம்பத்தின் எண்ணோ இன்னொரு படத்தில் இருக்கட்டும். அந்தப் படங்களை இன்றைக்கே எடுத்துவிடுங்கள், ஏனென்றால் உங்கள் அறிவிப்பு போய்ச் சேர்ந்த மறுநாளே பள்ளம் நிரப்பப்படுவதும் உண்டு.